உபகாரம் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

ஐந்தாம் வகுப்புத் தெலுங்குப் பரீட்சையில் ‘சொந்த வாக்கியம் எழுதுக’ என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். ஐந்து சொற்கள், சொல்லுக்கு இரண்டு மார்க். ஜீடிபுட்டுகப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பத்து மார்க்கையும் வாங்க ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். பொறுமை நல்லது. தைரியம் நல்லது. நீதி நல்லது. களவு நல்லதல்ல. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் பின்னால் ‘நல்லது’ என்றோ ‘நல்லதல்ல’ என்றோ ஒட்டவைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். சொல் ஒன்றுகூட மண்டைக்குள் இறங்கியிருக்காது.

லோகநாதம் மாஸ்டாரு இதை இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் வருடம் ஒருவன் ‘புயல் நல்லதல்ல’ என்று எழுதி, இரண்டு மார்க்குக்காக நோட்டை நீட்டிக்கொண்டு நின்றான். அவருக்குத் தாங்கவில்லை.

“ஏன்டா, போன வருசப் புயல்ல உங்க முந்திரித் தோப்பு மொத்தமும் சாஞ்சுதே, நீதானே வந்து சொன்னே? உங்கப்பா மரத்தைக் கட்டிப் புடிச்சு அழுதாருன்னு சொன்னியே? அதை எழுதறதுக்கு உனக்கு என்னடா கேடு?”

“அதையெல்லாம் எழுதலாமா மாஸ்டாரு?” என்று பையன் உண்மையாகவே கேட்டான்.

அன்றிலிருந்து சட்டம் வந்தது. வாக்கியம் கண்ணால் பார்த்ததாக இருக்கவேண்டும். சொந்த வீட்டிலோ சொந்தத் தெருவிலோ நடந்ததாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பூஜ்யம். சட்டம் போட்டதோடு நிற்காமல் பள்ளியின் வெளிச்சுவரில் ஒரு பகுதிக்குக் கறுப்புச் சாயமும் பூசினார். வாரத்தில் ஆகச் சிறந்த வாக்கியம் சனிக்கிழமை காலையில் அந்தச் சுவரில் ஏறும், கீழே எழுதிய பிள்ளையின் பெயரோடு.

சுவருக்கு நேர் எதிரேதான் ஊரின் குடிதண்ணீர் மையம். காலையில் ஆறு மணிக்கெல்லாம் வெள்ளைக் கேன்கள் வரிசை கட்டிவிடும். ஜீடிபுட்டுகவில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த காலம் போயிற்று. உத்தானம் என்கிற இந்தக் கடலோரப் பகுதியின் ஊர்களில் வீட்டுக்கு வீடு சிறுநீரகம் கெட்டுப் படுத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தண்ணீரா, மண்ணா, வேறு ஏதாவதா என்று பெரிய பெரிய டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டு, இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதுவரை சும்மா இருக்க முடியுமா? சனம் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. நின்ற நேரத்தில் சுவரைப் படித்தது.

‘அவசரம்’ என்ற சொல்லுக்கு ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘என் அப்பா அவசரத்தில் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு சோம்பேட்டா சந்தை வரைக்கும் போய்விட்டார்.’ அப்பா கூர்மாராவ் கேனோடு வந்து சேர்ந்தபோது வரிசை மொத்தமும் அவர் காலைத்தான் பார்த்தது. “இன்னைக்கு யாரு செருப்பு மாமா?” என்று கேட்டே ஒரு மாதம் அவரை ஓட ஓட விரட்டினார்கள். அவர் கோபித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். வந்தவர் மகள் எழுதியதை நான்கு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

எல்லா வாரமும் சிரிப்பு வராது. தசம எண்ணைக் கணக்குப் பாடத்தில் படிக்கும் முன்பே இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புள்ளி வைத்த எண் தெரியும். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஒன்று புள்ளி ஒன்று என்றால் வீட்டில் கறிக்குழம்பு, ஐந்து புள்ளி சொச்சம் என்றால் வீட்டில் பேச்சே இருக்காது. அந்தப் புள்ளிகள் பிள்ளைகளின் நோட்டில் வந்தபோதெல்லாம் லோகநாதம் அவற்றைச் சுவரில் ஏற்றியதில்லை. மார்க்கு மட்டும் முழுதாகப் போட்டுவிடுவார்.

பனி விழும் மாக மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவர் கொடுத்த சொற்களில் ஒன்று உபகாரம். நோட்டுகள் மறுநாள் காலை மேசைக்கு வந்தன. டில்லேஸ்வரியின் நோட்டு நாலாவது.

டில்லேஸ்வரிக்குப் பத்து வயது. அப்பா முகலிங்கம் நான்கு வருடம் முன்பு இந்த நோயில்தான் போனார். அம்மா கௌரம்மா முந்திரிப் பருப்பு உரித்துக் குடும்பம் நடத்துகிறாள். அக்கா நீலவேணிக்கு இருபது வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நரசன்னபேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். வெளியூர்க்காரன், நோய் இல்லாத ஊர்க்காரன். இப்படி ஒரு இடம் அமைந்ததே என்று ஊரே வாயைப் பிளந்தது. ஏனென்றால் வெளியூரில் யாரும் இந்தப் பக்கத்துப் பெண்ணைச் சுலபத்தில் எடுப்பதில்லை. ஜாதகத்தோடு ரத்தப் பரீட்சைக் காகிதத்தையும் கேட்பார்கள். ஜாதகம் பொருந்தாவிட்டாலும் பரிகாரம் உண்டு, காகிதம் பொருந்தாவிட்டால் ஒன்றும் கிடையாது. நீலவேணியின் காகிதத்தில் புள்ளி ஒன்பது என்று இருந்ததாம். கௌரம்மா அந்தக் காகிதத்தைப் பூஜை மாடத்தில் வைத்துக் குங்குமம் வைத்தாள் என்று பேச்சு.

டில்லேஸ்வரி தன் குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தாள்:

‘சோம்பேட்டா லேபில் என் அக்காவின் பெயரைச் சொல்லிச் சித்தி மகள் பத்மக்கா தன் ரத்தத்தைக் கொடுத்தாள். அதனால்தான் கல்யாணம் நிச்சயமானது. பத்மக்கா செய்தது பெரிய உபகாரம்.’

லோகநாதம் ஒரு தடவைதான் படித்தார். இரண்டாம் தடவை படிக்கத் தேவையில்லாத தெளிவான வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. சொல்லின் பொருள் பிள்ளைக்கு நன்றாகப் புரிந்திருந்தது. நோட்டை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த வாரச் சுவருக்குக் கூர்மாராவின் மகள் எழுதியதையே இன்னொரு தடவை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் கௌரம்மாவின் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் சாக்கை விரித்து முந்திரியின் சிவப்புத் தோலைக் கத்தி முனையால் சீவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தார்கள். டில்லேஸ்வரி கடைக்குப் போயிருந்தாள்.

“வாங்க மாஸ்டாரு. என்ன, எங்க டில்லி வம்பு கிம்பு பண்ணிட்டாளா?”

“அவ ஒண்ணும் பண்ணல கௌரம்மா. நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கா” என்று அவர் நோட்டைத் திறந்தார். கௌரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே குரலைத் தாழ்த்தி மூன்று வரியையும் படித்துக் காட்டினார்.

கத்தி நின்றது. அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

“சுவத்துல போட்டுட்டீங்களா?”

“இல்ல.”

“வேற யாரு பாத்தா?”

“நான் மட்டும்தான்.”

கௌரம்மா கத்தியைக் கீழே வைத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

“இந்தத் தெருவுல எத்தனை வீட்ல ஆம்பளை இருக்கான்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா மாஸ்டாரு? நான் எண்ணிட்டுத்தான் முடிவு பண்ணேன். எம்பொண்ணை இந்தத் தண்ணியில வெச்சுக் கொல்லமாட்டேன். அங்க போனா வம்சதாரா ஆத்துத் தண்ணி. ஆறு மாசம் அதைக் குடிச்சா ரத்தம் தானா சுத்தமாயிடும்.”

“தண்ணிதான் காரணம்னு டாக்டருங்களே இன்னும் சொல்லலையே.”

“அவங்க எதைத்தான் சொன்னாங்க? வராங்க, ஊசி குத்தறாங்க, சீசாவுல ரத்தத்தை எடுத்துட்டுப் போறாங்க. போனவங்க போனவங்கதான்.”

“சரி, நீலவேணிக்கு நிஜத்துல எவ்வளவு இருக்கு?”

கௌரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நாற்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை சிறுகுழந்தைபோல் காதைப் பொத்தியதைப் பார்த்து அவர் அதிர்ந்து போனார்.

“அதை எங்கிட்ட யாரும் சொல்லக்கூடாது. மருத்துவ முகாம்ல அவ ரத்தத்தைப் பாத்துக் குடுத்த காகிதம் அரிசி டிரம்முக்கு அடியில கெடக்கு. எனக்குப் படிக்கவும் தெரியாது, யாரையும் படிக்க விடவும் மாட்டேன். அவங்கப்பாவுக்கு நம்பர் சொன்னாங்களே, எட்டுன்னு, அன்னைக்கே அந்த மனுசன் பாதி செத்துட்டாரு. மீதியை எடுத்துட்டுப் போகத்தான் நோவு வந்துச்சு.”

“அதில்ல கௌரம்மா, இப்பவே வைத்தியம் ஆரம்பிச்சா…”

“அங்க போய்ப் பாத்துக்கட்டும். இங்க மாத்திரை டப்பா வாங்கினா மறுநாள் மருந்துக்கடைக்காரன் மூலமா ஊருக்கே தெரியும். மாஸ்டாரு, உங்க காலைப் புடிக்கறேன். உங்க சுவரு எங்க குடும்பத்தைக் கெடுக்க வேணாம்.”

நிஜமாகவே காலைத் தொட வந்தாள். அவர் பதறி எழுந்துவிட்டார். “சுவத்துல வராது. என் வாயால யாருக்கும் தெரியாது. போதுமா?” என்றார்.

அப்போது நீலவேணி உள்ளேயிருந்து ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்து, அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி கிளம்பினார்.

பலாசாவிலிருக்கும் தன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது அவர் மனசு லேசாகத்தான் இருந்தது. ஒரு விதவையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பு. நல்லவன் என்ற பெயரை உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்படிச் சுலபமாகக் கிடைத்ததைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டாமா? அவர் படவில்லை.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் டில்லேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டில்லி, உபகாரத்துக்கு வேற வாக்கியம் எழுதும்மா. இது வேணாம்.”

“தப்பா இருக்கா மாஸ்டாரு?”

“தப்பு இல்ல.”

“பொய்னு நெனச்சீங்களா? நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ஊசி இவ்ளோ பெரிசு. பத்மக்கா கண்ணை மூடிக்கிட்டா, நான்தான் கையைப் புடிச்சுக்கிட்டேன்.”

“பொய்யும் இல்ல. ஆனா சில உண்மையை நோட்டுல எழுதக்கூடாது.”

“எதை எழுதலாம், எதை எழுதக்கூடாதுன்னு நீங்க அன்னைக்கே சொல்லலையே” என்றாள் டில்லேஸ்வரி. குரலில் எதிர்ப்பு இல்லை. கணக்கில் எங்கே தப்பினோம் என்று தேடுகிறவளின் குரல் அது.

பதில் இல்லாத வாத்தியார்கள் என்ன செய்வார்களோ அதையே லோகநாதம் செய்தார். பக்கத்தைக் கிழித்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் சாப்பாட்டுக் கூடத்து அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டார். டில்லேஸ்வரி இடத்தில் போய் உட்கார்ந்து புதுப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்: ‘உபகாரம் நல்லது.’ அவர் இரண்டு மார்க் போட்டார். அந்த இரண்டை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அந்த இடத்தில் இருக்கவே பிடிக்கவில்லை.

கிழித்த பக்கத்தில் என்ன இருந்தது என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிழித்தார் என்பது மட்டும் தெரியும். அது போதும். அந்த வாரம் முப்பத்தொரு நோட்டிலும் எல்லாமே மறுபடி நல்லதாகிவிட்டது. பிரயாணம் நல்லது. நினைவு நல்லது. ஒரு நோட்டிலாவது ஒரு செருப்பு, ஒரு ஆடு, ஒரு சண்டை வராதா என்று புரட்டிப் பார்த்து அவர் ஓய்ந்துபோனார். கடைசியில் சனிக்கிழமை சுவரில் ஏறியது, ‘சூரியன் கிழக்கில் உதிக்கிறான்.’

வரிசையில் நின்ற கூர்மாராவ் சத்தமாகவே கேட்டார்: “ஏன் மாஸ்டாரு, இது எங்களுக்கே தெரியுமே! சுவருக்கு என்ன, காய்ச்சலா?”

அடுத்த வியாழக்கிழமை பள்ளி விட்ட பிறகு நீலவேணி வந்தாள். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. இடுப்பில் காலிக் கேன், கையில் தங்கையின் நோட்டு. முகம் சற்று ஊதியிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார்.

“டில்லிக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க” என்றாள்.

“ஆமாம்மா.”

“உபகாரம் நல்லதுன்னு எழுதினதுக்கு ரெண்டு. நெஜத்தை எழுதினதுக்குக் கிழிச்சு அடுப்புல.”

“கோவிச்சுக்காதம்மா. உன் நல்லதுக்காகத்தான் அப்படிச் செஞ்சேன். சின்னப் பொண்ணு, தெரியாம எழுதிட்டா.”

“அவ தெரியாம எழுதல. லேபுல அவளே பாத்ததுதான், ஆனா அதை எழுதுன்னு நான் சொன்னேன், அவ எழுதினா.”

லோகநாதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நீலவேணி நின்றபடியே சொன்னாள். “என்னைத் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணச் சொன்னாங்க மாஸ்டாரு எங்கம்மா. அவங்க தலையில. இந்த விசயத்தை வாயால ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்னு. சொன்னா அம்மா செத்துடுவாங்க. அப்பாவும் இல்ல, அம்மா தலைமேல பண்ண சத்தியத்தை எப்படி மீறுவேன்? இப்பக்கூட உங்களுக்கு முன்னாடியே தெரியும்கறதாலதான் பேசறேன். ஆனா அம்மாவுக்கு எழுத்துன்னா என்னன்னு தெரியாது. அதனால எழுதமாட்டேன்னு சத்தியம் வாங்கணும்னு தோணல. அன்னைக்கு டில்லி வந்து, ‘உபகாரத்துக்கு நெஜமா நடந்தது ஒண்ணு சொல்லுக்கா, மாஸ்டாரு பொய் எழுதினா பூஜ்யம் போடுவாரு’ன்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. சாமியே வழி காட்டுச்சுன்னு நெனச்சேன். மாஸ்டாரு படிப்பாரு, புரிஞ்சுப்பாரு, ஒண்ணு சுவத்துல வரும், இல்ல யாரையாவது கூட்டிட்டு வந்து ஒரு முடிவு பண்ணுவாருன்னு.”

“நான் உங்க வீட்டுக்கு வந்தேனே…”

“வந்தீங்க. தண்ணி குடுக்கற சாக்குல உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? குனிஞ்ச தலை நிமிராம போயிட்டீங்க. அப்பவும் நம்பினேன். சனிக்கிழமை சனிக்கிழமை கேனைத் தூக்கிட்டு மொத ஆளா வந்தேன். போன வாரம் பாத்தா, சூரியன் கிழக்குல உதிக்குது.”

அவருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“முகாம் டாக்டரம்மா தெளிவாத்தான் சொன்னாங்க” என்றாள் அவள். “மூணு புள்ளி எட்டு. இப்பவே மாத்திரை, உப்புக் கொறைச்ச சாப்பாடுன்னு ஆரம்பிச்சா வருசக்கணக்குல ஓட்டலாம்னாங்க. சொல்லி அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு மாத்திரை உள்ள போகல. இனிமே கல்யாணம், மறுவீடு, புது வீட்ல யாருக்கும் தெரியாம எப்படிப் போடுவேன்? அந்த ஆளும் பாவம், போன்ல நல்லாத்தான் பேசறாரு. அவர் சிரிச்சா நான் ஏதாவது சாக்கு சொல்லிப் போனை வெச்சுடறேன்.”

காலிக் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க எல்லாருக்கும் நல்லவர் மாஸ்டாரு. எங்கம்மாவுக்கு நல்லவர், மாப்பிள்ளை வீட்டுக்கும் கெட்டவர் இல்ல. நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்.”

“நான் இன்னைக்கே உங்கம்மாகிட்டப் பேசறேன்.”

“பேசினவங்க எல்லாரும் அம்மா பக்கம்தான் போனாங்க. சித்தி போனாங்க, பத்மா போனா, நீங்களும் போனீங்க. அம்மா அழுதா யாராலயும் தாங்க முடியாது, என்னாலயும்தான். ஊருக்கு முன்னால வந்துட்டா அப்புறம் மறைக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது, அழறதுக்கும் காரணம் இருக்காது. எனக்குச் சுவரு வேணும்.”

“சுவத்துல போடமாட்டேன்னு உங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் நீலவேணி.”

“நீங்க போட வேணாம். சாக்பீஸைக் குடுங்க, நானே எழுதறேன்.”

அவர் யோசித்தார். நாளை ஊர் திரண்டு வந்து, பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று சட்டையைப் பிடிக்கும். கல்வி ஆபீசுக்கு மனு போகும். கௌரம்மா தெருவில் மண்ணை வாரித் தூற்றுவாள். இதையெல்லாம் நினைத்துப் பயந்தார். பயந்துதான் அந்தப் பக்கத்தையும் கிழித்தார் என்பதும் அப்போதுதான் அவருக்கே உறைத்தது. மானம், உபகாரம் என்றெல்லாம் பேர் வைத்துக்கொண்டது பிறகு.

“சனிக்கிழமை ஆறு மணிக்குச் சுவத்தைத் துடைச்சு வெச்சுக்கிட்டு நிப்பேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் முதல் வேலையாக டில்லேஸ்வரியின் நோட்டை வாங்கி, ‘உபகாரம் நல்லது’ என்பதற்குப் போட்ட இரண்டை அடித்தார். எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி, “டில்லி முதல்ல எழுதினது சரியான வாக்கியம். நான்தான் பயந்துபோய்க் கிழிச்சேன். தப்பு என்னோடது” என்றார். வாத்தியார் தப்பு என்று சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. முப்பத்தொரு வாயும் திறந்திருந்தது. டில்லேஸ்வரி மட்டும் எழுந்து, “அப்ப அதுக்கு ரெண்டு மார்க் உண்டா மாஸ்டாரு?” என்று கேட்டாள். உண்டு என்று போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை. பனி இன்னும் தென்னைகளுக்கு நடுவே நின்றது. வரிசையில் பதினைந்து இருபது கேன் இருக்கும். நீலவேணி தன் கேனை வரிசையில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். லோகநாதம் ஈரத் துணியும் சாக்பீஸுமாக நின்றார். அவள் சாக்பீஸை வாங்கி எழுதத் தொடங்கினாள். எழுத்து நேராக விழுந்தது.

‘அம்மா, என் ரத்தத்தில் மூன்று புள்ளி எட்டு. மாடத்தில் இருக்கும் காகிதம் பத்மாவுடைய ரத்தம். எனக்குக் கல்யாணம் வேண்டாம், வைத்தியம் பார், அதுதான் நீ எனக்குச் செய்யும் உபகாரம். — நீலவேணி.’

வரிசையில் முதலில் படித்து முடித்தவர் கூர்மாராவ். கேலி பேசியே பழகிய மனிதர் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராகப் படித்தார்கள். தண்ணீர் நிரம்பும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டிலும் ஒரு காகிதம் இருந்திருக்கும்.

கல்யாண வீடாயிற்றே, ஒரு கேன் போதாது என்று இரண்டாவது கேனைத் தூக்கிக்கொண்டு கௌரம்மா வந்தாள். பின்னால் டில்லேஸ்வரி. வழக்கமாக வரிசையில் யாராவது அவளுக்குச் சுவரைப் படித்துச் சொல்வார்கள்.

“என்ன, இன்னைக்கு யாரு மானம் போச்சு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கௌரம்மா திரும்பி, சுவரடியில் நிற்கும் மகளைப் பார்த்தாள். மகளின் விரலில் வெள்ளையாக ஒட்டியிருந்ததையும் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

“மாஸ்டாரு, வாக்குக் குடுத்தீங்களே” என்றாள்.

“குடுத்தேன். அது தப்பு கௌரம்மா. நான் படிச்சுக் காட்டறேன்.”

“நீங்க பேசாதீங்க! டில்லி, நீ படிடி. என்ன எழுதியிருக்கா உங்கக்கா?”

டில்லேஸ்வரி அக்காவைப் பார்த்தாள். மாஸ்டாரைப் பார்த்தாள். பிறகு வகுப்பில் படிப்பதைப்போலவே சுவரருகில் போய், சொல்லுக்குச் சொல் அடியில் விரலை நகர்த்திக்கொண்டு உரக்கப் படித்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை. எந்தச் சொல்லிலும் தடுக்கவில்லை. ‘நீலவேணி’ வரைக்கும் படித்துவிட்டுத்தான் விரலை எடுத்தாள்.

இரண்டு வாரம் முன்பு காதைப் பொத்திக்கொண்டவள் இப்போது பொத்தவில்லை. இரண்டு கையும் கேனின் கைப்பிடியில் இருந்தன.

“முதல் வரியை மறுபடி படி” என்றாள்.

“அம்மா, என் ரத்தத்தில் மூன்று புள்ளி எட்டு.”

“எட்டுதானே? உங்கப்பாவுக்கும் எட்டுதான்.”

“இல்லம்மா, எட்டு பின்னால வருது. புள்ளிக்கு முன்னால மூணு. மூணுதான் நம்பரு. நாலுக்கும் கொறைச்சல்.” ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

கௌரம்மா கேனைக் கீழே வைத்தாள். தெரு மண்ணிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்து, முகலிங்கம் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை என்று பிறகு ஊர் சொல்லும்படியாக, வாய்விட்டு அழுதாள்.

“மூணா? மூணுதானா? எட்டுன்னு நெனச்சு நான் ராத்திரியெல்லாம் ஒப்பாரி வெச்சுக்கிட்டுக் கெடக்கறேன். பாவி, அஞ்சு மாசமா ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

நீலவேணி அம்மாவின் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள். சொல்லவிடாதது யார் என்று அவள் கேட்கவில்லை. அம்மாவின் தலையில் மெதுவாகக் கை வைத்தாள்.